ரயிலம்மாவும் இரண்டு குப்பிகளும்

அத்தியாயம் 5

"எனக்குக் கல்யாணம் இல்ல மேடம்," என்றாள் வந்தவள், நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே.

கோதை பேனாவை மூடி வைத்தாள். கிர்க்கி பஜாரில் மாவு மில்லுக்கு மேல்மாடியில் இருக்கும் கோதை துப்பறியும் நிலையத்துக்குப் படியேறி வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் கல்யாணக் கேஸ்தான். மாப்பிள்ளை குடிப்பானா, பெண் யாரோடாவது சினிமாவுக்குப் போனாளா, மாமியார் வாய் எப்படி? பதினோரு வருஷமாக அதுதான் பிழைப்பு. புனேத் தமிழர்களில் யாருக்கு யார் என்ன உறவு என்பது ரேஷன் ஆபீஸைவிடக் கோதைக்கு நன்றாகத் தெரியும்.

"அப்ப விவாகரத்தா? அதுக்கு முதல்ல கல்யாணம் ஆகணுமே," என்றான் ஜன்னலோரத்திலிருந்து இர்பான்.

இர்பான் கோதையின் உதவியாளன். முப்பத்து நாலு வயது. ஸ்கூட்டர் ஓட்டுவது, போட்டோ பிடிப்பது, காலனி வாட்ச்மேன்களிடம் நைசாகப் பேசி விஷயம் கறப்பது எல்லாம் அவன் வேலை. வாய் மட்டும் சம்பளமில்லாத ஓவர்டைம் பார்க்கும். ஆறு வருஷத்தில் கோதை அவனை நாற்பது தடவையாவது வேலையிலிருந்து தூக்கியிருப்பாள். மறுநாள் காலை ஒன்பதரைக்கு வந்து, "நேத்து தூக்கினது இன்னிக்கும் செல்லுமா மேடம்?" என்று கேட்டுவிட்டு டீ போடப் போய்விடுவான்.

வந்தவள் பெயர் கிரிஜா. இருபத்தாறு வயது இருக்கும். பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"நான் மரபணு ஆராய்ச்சி பண்றேன். இன்னிக்கு சாயங்காலம் நாலு மணிக்கு கமிட்டி கூடி என்னை வெளியே தள்ளப் போறாங்க. நாலு வருஷப் படிப்பு மேடம். மோசடிக்காரின்னு பேர் வாங்கிட்டுப் போகணும்."

கோதை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து ஐம்பது.

"என்ன மோசடி?"

"எச்சில்."

இர்பான் வாயைத் திறந்தான். கோதை முறைத்தாள். மூடிக்கொண்டான்.

"பெத்த அம்மாகிட்டேர்ந்து மட்டும் பிள்ளைக்கு வர்ற ஒரு அடையாளம் உடம்புக்குள்ள இருக்கு மேடம்," என்று ஆரம்பித்தாள் கிரிஜா. "ஆணோ பொண்ணோ, எல்லாருக்கும் அது அம்மா குடுத்ததுதான். அம்மாவுக்கு அவங்க அம்மா, அவங்களுக்கு அவங்க அம்மா. அப்படியே பின்னாடி போனா ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி இருந்த ஒருத்திகிட்ட போய் நிக்கலாம். ஆம்பளைகிட்டயும் அது இருக்கும், ஆனா அவனோட சரி. அப்பாகிட்டேர்ந்து பிள்ளைக்கு வராது."

"நியாயம்தான். பத்து மாசம் சுமந்தவ கையெழுத்து போட்டுக்கறா," என்றான் இர்பான்.

கிரிஜாவுக்குக் கவலை நடுவிலும் சிரிப்பு வந்தது. "நான் தேடறது ரொம்ப அபூர்வமான ஒரு கிளை. பாலாத்துப் பக்கம் எவளோ ஒருத்திகிட்ட ஆரம்பிச்சிருக்கணும். அவ வம்சம் குடியாத்தத்துல இருக்கு, அரக்கோணத்துல இருக்கு, குண்டக்கல், சோலாப்பூர், தவுண்ட், கடைசியா இங்க புனேல. ரயில் பாதையை ஒட்டியே பரவியிருக்கு. தண்டவாளம் போட வந்த பொம்பளைங்க, பட்டாளத்துக்குப் பின்னாடி சமைச்சுப்போட வந்தவங்க, இவங்க வழியா வந்திருக்கணும். நான் அவளுக்கு ரயிலம்மான்னு பேர் வெச்சிருக்கேன்."

"டிக்கெட் எடுத்தாளா?"

"இர்பான்!"

"சும்மா கேட்டேன் மேடம்."

கிரிஜா பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து விரித்தாள். கசார்வாடியில் ஒரு வீடு. ஒரு வீட்டில் இரண்டு பேரின் வாய்க்குள் பஞ்சால் தடவிக் குப்பியில் போட்டுக்கொள்வது அவர்கள் வழக்கம். அப்பா ஒருவர், பிள்ளை ஒருவர். அப்பாவிடம் இருப்பது அவருடைய அம்மா வழி. பிள்ளையிடம் இருப்பது அவனுடைய அம்மா வழி. ஆக, ஒரே வீட்டில் இரண்டு வழி கிடைத்துவிடும்.

"பதினாலாம் குப்பி அப்பா, துரைசாமி. ஊர் குடியாத்தம். பதினஞ்சாம் குப்பி பையன், சபரி. அவனோட அம்மா லீலாவுக்கு ஊர் பொள்ளாச்சி. ரெண்டு குப்பியும் எழுத்துக்கு எழுத்து ஒண்ணு. ரெண்டும் ரயிலம்மா."

"அப்பாகிட்டேர்ந்து வராதுன்னது வந்திருக்கு," என்றாள் கோதை.

"அதான். எங்க கைடு டாக்டர் தாம்லே என்ன சொல்றார்னா, நான் வீடு வீடா ஏறச் சோம்பல்பட்டு ஒரே வாயில ரெண்டு பஞ்சு எடுத்துட்டேனாம். மறுபடி சோதிக்க குப்பியில மிச்சம் இல்ல. புதுசா எடுக்கலாம்னா நான் எந்த வீட்டுப் படியும் ஏறக் கூடாதுன்னு உத்தரவு."

தாம்லே என்ற பெயரைக் கேட்டதும் இர்பான் ஏதாவது கிண்டல் செய்வான் என்று கோதை எதிர்பார்த்தாள். அவன் ஜன்னலுக்கு வெளியே கீழே போகிற கணபதி வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"புருஷன் பெண்டாட்டி சொந்தமா?" என்று கோதை தன் தொழில் கேள்வியைப் போட்டாள்.

"படிவத்திலேயே அந்தக் கேள்வி இருக்கு மேடம். சொந்தமே இல்லன்னு அந்தம்மா சொன்னாங்க. சந்தேகமா இருக்கேன்னு ரெண்டு தடவை போன் பண்ணிக் கேட்டேன். ரெண்டாவது தடவை திட்டிட்டு வெச்சுட்டாங்க."

"நீங்க ரெண்டு பேர்கிட்டயும் எடுத்ததுக்கு வேற அத்தாட்சி?"

கிரிஜா தன் குறிப்பு நோட்டைக் காட்டினாள். மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. 'பதினைந்து: வாய் ஊதா. கொப்பளிக்கச் சொல்லி மறுபடி எடுத்தது.'

"அந்தப் பையன் அப்பதான் காலா கட்டா கோலா, அந்த நாவல்பழச் சாறு ஊத்தின ஐஸ், வாங்கித் தின்னுட்டு வந்தான். நாக்கு, பல்லு எல்லாம் நாவல்பழக் கலர். டாக்டர்கிட்ட காட்டினேன். நோட்டுல யார் வேணாலும் என்ன வேணாலும் எழுதலாம்னுட்டார்."

கோதை எழுந்து கைப்பையை மாட்டிக்கொண்டாள். "நாலு மணிக்கு நீங்க கமிட்டி ரூம்ல இருங்க. நாங்க வரோம்."

*

பழைய மும்பை ஹைவேயில் கணபதிப் பந்தலுக்கு ஒரு நெரிசல் என்று தாபோடி தாண்டவே முக்கால் மணி நேரம் ஆனது. பின்னால் உட்கார்ந்திருந்த கோதைக்கு இர்பானின் மௌனம் நெரிசலைவிட எரிச்சலாக இருந்தது.

"என்னடா, வாயில ஏதாவது புண்ணா?"

"இல்ல மேடம், பஞ்சு வெச்சு எடுக்கப் போறாங்களேன்னு மிச்சம் பிடிக்கறேன்."

துரைசாமி வீடு கசார்வாடி ரயில் கேட்டுக்குப் பின்னால், ஒரு லேத் பட்டறையை ஒட்டி இருந்தது. இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு. கதவைத் திறந்தது லீலா. நாற்பத்து மூன்று வயது, நெற்றி நிறையக் குங்குமம். கோதை நீட்டிய விசிட்டிங் கார்டைப் படித்ததும் அவள் முகம் ஒரு நிமிஷம் வெளிறிப்போய், அடுத்த நிமிஷம் அசாத்தியமாக மலர்ந்தது.

"வாங்க வாங்க, குந்துங்க. அவல் போஹா துன்றீங்களா? இந்தாங்க, யாரு வந்துக்கீறாங்க பாருங்க!"

உள்ளேயிருந்து துரைசாமி வந்தார். ஐம்பத்திரண்டு வயது, வழுக்கை, பட்டறைக்கு இரண்டாம் ஷிப்ட் போவதற்காகக் காக்கி பேண்ட். இடது காது மடலின் நுனி கிழிந்து ஒரு துணுக்கு காணாமல் போயிருந்தது.

கோதை குப்பி விஷயத்தைச் சொல்லி முடிக்கவில்லை, லீலா முந்திக்கொண்டாள்.

"அதுவாமா? அன்னிக்கு எங்க பையன் ஊட்லயே இல்ல. மும்பைக்குப் பூட்டான். அந்தப் பொண்ணு ரெண்டு வேணும்னு கெஞ்சிச்சி. பாவமேன்னு இவரே ரெண்டு தபா வாயத் தொறந்து காட்டிட்டாரு. தப்புதான், மன்னிச்சிருங்க."

துரைசாமி மனைவியைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்துத் தலையாட்டினார்.

கிரிஜா சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னது பொய்யா?

"முடிஞ்சுது மேடம்," என்றான் இர்பான் காதருகில். "நாலு மணி வரைக்கும்கூட வேண்டியதில்ல."

"இதை எழுதித் தருவீங்களா?" என்று கேட்டாள் கோதை.

"ஓ, தாராளமா! பேப்பர் குடுங்க."

அங்கேதான் கோதைக்கு மூக்கு வேர்த்தது. எத்தனையோ வீட்டு சோபாக்களில் உட்கார்ந்து எழுந்தவள் அவள். டீ வருவதற்கு முன்னால் யாரும் தப்பை ஒப்புக்கொண்டதில்லை. அப்படி ஒப்புக்கொள்கிற வீடு, அதைவிடப் பெரியதாக எதையோ பாயின் அடியில் தள்ளிவிட்டிருக்கிறது என்று அர்த்தம்.

"சரிம்மா," என்று எழுந்தாள். போகிறவள்போல இரண்டு அடி வைத்துவிட்டுத் திரும்பினாள். "உங்க வீட்டுக்காரருக்கு சர்க்கரை உண்டா?"

"ஆறு வருஷமா கீது. டீக்குகூட சக்கரை போட்றதில்ல. ஏன்மா?"

"ரெண்டாவது பஞ்சு எடுக்கும்போது வாய் முழுக்க ஊதாவா இருந்ததாம். அப்பதான் காலா கட்டா கோலா தின்னுட்டு வந்தாராம். கொப்பளிக்க வெச்சு எடுத்திருக்காங்க. நோட்டுல இருக்கு. உடம்பைப் பாத்துக்கச் சொல்லுங்க."

லீலா மெதுவாகப் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"கோலா துன்னியா நீ?"

"இல்லமே..."

"முந்நூத்திப் பத்து சக்கரையோட கோலா துன்னியா? நான் ஊட்ல பாவக்கா அரச்சி அரச்சி ஊத்துறேன், நீ வாசல்ல நின்னு கோலா துன்னியா? அய்யோ, என் தாலிய அறுக்கவே..."

"நான் எங்கமே துன்னேன்! சபரி துன்னான்! நீதான அவனுக்கு அஞ்சு ரூபா சில்லறை குடுத்த!"

பட்டறையில் யாரோ இரும்பை அறுக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"மும்பைல அஞ்சு ரூபாய்க்கு கோலா கிடைக்குதா?" என்றான் இர்பான் பணிவாக.

துரைசாமி உதட்டைக் கடித்துக்கொண்டு, "டீ போட்றேன்," என்று சமையல்கட்டுக்குள் ஓடிவிட்டார். லீலா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கல்லாக உட்கார்ந்தாள். கேட்டால் சொல்லமாட்டாள். அந்த முகத்தைக் கோதை எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறாள்!

அதனால் கோதை கேட்கவில்லை. சுவரைப் பார்த்தாள். பெருமாள், முருகன், சபரி பட்டம் வாங்கிய படம். இவற்றுக்குக் கீழே, சட்டம் கறுத்துப்போன பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று. ஒரு வயதுப் பெண் குழந்தைக்குக் காதுகுத்து. ஆசாரியின் கை மட்டும் தெரிகிறது. குழந்தை வாயைப் பிளந்து அலறுகிறது. மடியில் வைத்துக்கொண்டிருப்பவன் பத்து வயதுப் பையன். புது வேட்டி, நெற்றியில் திருநீறு. குழந்தையைவிடப் பெரிதாக அழுதுவிடுவான்போல இருந்தான்.

"இது நீங்களாம்மா?"

லீலாவால் தாங்க முடியவில்லை, முகம் இளகியது. "ஆமாமா. நான்தான்."

"மடியில வெச்சிருக்கறது தாய்மாமனா?"

இதற்கு யாரும் பொய் சொல்ல முடியாது. காதுகுத்துக்கு வேறு யார் மடி? லீலாவும், "ஆமா," என்றாள்.

"இப்ப எங்க இருக்கார்? பொள்ளாச்சியிலயா?"

லீலா ஒரு கணம் தயங்கினாள். "இல்லமா. அவரு செத்துப் பூட்டாரு."

"எப்போ?"

கேட்டது கோதை அல்ல. சமையல்கட்டு வாசலில் தட்டில் நாலு டம்ளரோடு துரைசாமி நின்றுகொண்டிருந்தார். அந்த 'எப்போ'வில் துக்கம் துளிகூட இல்லை. நல்ல கோபம் இருந்தது.

"அது ஆச்சி, ரொம்ப வருஷம்," என்றாள் லீலா அவரைப் பார்க்காமல்.

"எனக்கு ஒருத்தரும் சொல்லலியே!"

கோதை அவர் இடது காதைப் பார்த்தாள். பிறகு படத்துக்குக் கிட்டே போய், வேட்டிப் பையனின் இடது காதைப் பார்த்தாள். மடலின் நுனியில் ஒரு துணுக்கு இல்லை.

இர்பான் தட்டிலிருந்து ஒரு டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தான். "செத்துப்போனவர் டீ பிரமாதமா போடறார் மேடம்."

கோதைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "துரைசாமி சார், லீலாம்மா உங்க அக்கா பொண்ணு. ஒரு வயசுல மடியில வெச்சுக் காது குத்தினீங்க. வளந்ததும் தாலி கட்டினீங்க. சரியா?"

துரைசாமி தட்டைக் கீழே வைத்தார். தலையை ஆட்டினார்.

மூன்று நாளாகக் கிரிஜாவைத் தூங்கவிடாத முடிச்சு அவ்வளவுதான். துரைசாமிக்கும் அவர் அக்காவுக்கும் ஒரே அம்மா. அக்காவிடமிருந்து லீலாவுக்கு, லீலாவிடமிருந்து சபரிக்கு. அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு எதுவும் வரவில்லை. அவன் அம்மா கொடுத்ததுதான். அவளும் அதே ரயிலில் வந்தவள் என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

கோதை இதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இர்பான் விரல் மடக்கிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். "அம்மா, அக்கா, அக்கா பொண்ணு," என்று முணுமுணுத்தான். மறுபடி முதலிலிருந்து மடக்கினான். டம்ளரை அப்படியே கீழே வைத்துவிட்டான்.

"இதுல மறைக்க என்னம்மா இருக்கு? நம்ம பக்கம் நடக்கறதுதானே," என்றாள் கோதை.

லீலா பொருமித் தீர்த்தாள். "நம்ம பக்கம்! எழுவத்தொம்போதுல கல்யாணம் கட்டிக்கினு ஆகுர்டி சால்ல, ஒரே வரிசையா கீற லைன் ஊட்ல, வந்து எறங்கினேன். தண்ணிக் கொழாய்ல ஒருத்தி, உன் புருசன் உனக்கு தூரத்து சொந்தமான்னா. மாமான்னேன். அவ்ளோதான். பக்கெட்ட கீழ போட்டுட்டு சிரிச்சா. சால் பூரா சிரிச்சிச்சி. மாமான்னா அவங்களுக்கு அப்பன் மாதிரியாம். நான் தெருவுல நடந்தா பசங்கல்லாம் மாமா மாமான்னு கத்துவாங்க. பதினெட்டு வயசு எனக்கு. ஆறு மாசம் அழுதேன். அப்பால இங்க வந்து நான் பொள்ளாச்சின்னு சொல்லிக்கினேன். பொள்ளாச்சி எந்தப் பக்கம் கீதுன்னுகூட எனக்குத் தெரியாது."

"இன்னும் எதுக்கு பயம்?"

"வர்ற ஞாயித்துக்கெழம ராஜஸ்ரீ ஊட்டுக்காரங்க வராங்கமா. மராட்டிப் பொண்ணு. ஹடப்சர்ல எம்புள்ள கூட வேல செய்யிது. நீங்க அவங்க அனுப்சி விசாரிக்க வந்த ஆளுன்னு நெனச்சேன். இந்த விசயம் வெளிய போனா கல்யாணம் நின்னுடும். அந்தப் படிக்கிற பொண்ணு பாவந்தான். ஆனா எனக்கு எம்புள்ள."

வற்புறுத்தக் கோதைக்கு என்ன உரிமை? மணி இரண்டு. வெறும் கையோடு போய் அந்தக் கிரிஜா முகத்தில் எப்படி விழிப்பது என்று நினைத்தபோது அவளுக்கு உண்மையிலேயே அழுகை வந்தது.

"லீலாக்கா," என்றான் இர்பான். அவன் யாரையும் அக்கா என்று கூப்பிட்டுக் கோதை கேட்டதில்லை. "அந்த ஆராய்ச்சி நிலையத்துல தொண்ணூத்தேழுல ஒரு பையன் இருந்தான். கிர்க்கி ஃபேக்டரியில வேலை பாத்த ஒருத்தரோட மகன். அவனும் இதே மாதிரி வீடு வீடாப் போய் பஞ்சு எடுத்தான். ஆகுர்டில ஒரு வீட்டுல அப்பாவுக்கும் பொண்ணுக்கும் ஒரே மாதிரி வந்துச்சு. மோசடின்னாங்க. அவனுக்கே தெரியல என்ன நடந்துச்சுன்னு. அவங்க மார்க்கத்துல தாய்மாமனைக் கட்டிக்கறது ஹராம், கூடவே கூடாது, மாமான்னா அப்பா ஸ்தானம். அதனால புருஷனும் பெண்டாட்டியும் மாமனும் மருமகளுமா இருப்பாங்கன்னு அவன் மண்டையில உதிக்கவே இல்ல. அந்த வீட்டுக்குப் பத்து தடவை போன் பண்ணினான். எல்லாம் கேட்டான். இதை மட்டும் கேக்கல. வெளியே தள்ளிட்டாங்க."

"அய்யோ. அப்பால?"

"அப்பால ஒண்ணுமில்ல. ஸ்கூட்டர் ஓட்டறான். ஜோக் அடிப்பான். டீ நல்லா இருந்தா சொல்லுவான்."

ஆறு வருஷம்! ஊர் முழுக்கப் பூர்வோத்தரம் விசாரிக்கிறவள், பக்கத்திலேயே உட்கார்ந்து டீ போட்டுக் கொடுத்தவனிடம் நீ முன்னால் என்ன செய்துகொண்டிருந்தாய் என்று ஒருநாள்கூடக் கேட்டதில்லை. 'கொஞ்சம் படிச்சேன், விட்டுட்டேன்' என்று அவன் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டாள். தன்மேலேயே கோதைக்குக் கோபமாக வந்தது.

லீலா எழுந்து, ஸ்டூலைப் போட்டு ஏறி, ஆணியிலிருந்து படத்தைக் கழற்றினாள்.

"சபரி கல்யாணம்?" என்றார் துரைசாமி.

"ஞாயித்துக்கெழம நானே சொல்லிட்றேன். சிரிச்சா சிரிக்கட்டும். நீ பட்டறைக்கு லீவு சொல்லிட்டு வா. செத்துப் பூட்டன்னு சொன்னதுக்கு அப்பால கோச்சிக்கலாம்."

*

நாலு மணிக்கு இரண்டு நிமிஷம் இருந்தது. கமிட்டி அறையில் டாக்டர் தாம்லேயும் இன்னும் இரண்டு பேரும் நீள மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். கிரிஜா சுவரோரமாக நின்றாள். தாம்லே வெள்ளை முடி, தங்கக் கம்பிக் கண்ணாடி, தன் கைக்கடிகாரத்தைத் தவிர யாரையும் நம்பாத முகம். அவர் காகிதத்தில் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தபோது லீலா அந்தப் படத்தை அவர் முன்னால் டக்கென்று வைத்தாள்.

பிறகு பேசினாள் பாருங்கள் மராத்தி! இருபத்தைந்து வருஷம் தண்ணீர்க் குழாயடியில் தீட்டிய மராத்தி. படத்தில் இருக்கிற குழந்தை நான், மடியில் வைத்திருப்பது என் மாமா, இதோ நிற்கிறாரே என் புருஷன், காதைப் பாருங்கள் என்றாள்.

தாம்லே படத்தைப் பார்த்தார். துரைசாமியின் காதைப் பார்த்தார். "எனக்கும் முதல் முடி இறக்கினபோது மாமா மடியில்தான் உட்கார வைத்தார்கள்," என்றார் தன்னையறியாமல். பிறகுதான் மீதி உறைத்தது. "மாமாவையா?"

கமிட்டியில் ஒருவருக்குச் சிரிப்பு பீறிட்டது.

"சிரிங்க," என்றாள் லீலா. "ஆகுர்டிலயே சிரிச்சி முடிச்சிட்டாங்க. நீங்க ரெண்டாவது கும்பல்."

கிரிஜா பலகையில் நாலு வட்டம், மூன்று கோடு போட்டாள். அம்மா, அக்கா, லீலா, சபரி. பக்கத்தில் இன்னொரு கோடு, துரைசாமி. அவ்வளவுதான். தாம்லே காகிதத்தை இரண்டாகக் கிழித்தார். "போய் வேலையைப் பார்," என்றார். கிரிஜா ஓடி வந்து கோதையைக் கட்டிக்கொண்டு அழுத அழுகையில் கோதையின் ஜாக்கெட் தோள் நனைந்துவிட்டது.

அப்போதுதான் தாம்லே கதவோரத்தில் நின்ற இர்பானைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"நீ..."

"ஆமா சார். ஆகுர்டி வீடு." இர்பான் உள்ளே வந்தான். "ஒரே ஒரு சந்தேகம் சார். புருஷன் பெண்டாட்டி சொந்தமான்னு படிவத்துல ஒரு கேள்வி இருக்கே. என் காலத்துல அது இல்ல. எப்ப சேர்த்தீங்க?"

"தொண்ணூற்றொன்பதில். ஒரு கருத்தரங்கில் சென்னைக்காரர் ஒருவர், உங்கள் பக்கம் சொந்தத்திலேயே கல்யாணம் செய்துகொள்வதைப் பற்றிச் சொன்னார்."

"அன்னிக்கு என் ஞாபகம் வந்துச்சா?"

தாம்லே மேஜையைப் பார்த்தார். வந்திருக்கிறது. அது அவர் முகத்திலேயே எழுதியிருந்தது. வந்தும் சும்மா இருந்திருக்கிறார். கோதைக்கு அந்த மனிதரை அறையலாம்போல இருந்தது.

இர்பான் மேஜை மேலிருந்த போனைத் தன் பக்கம் இழுத்து, ஒரு நம்பரை யோசிக்காமல் அழுத்தினான். ஸ்பீக்கரைத் தட்டிவிட்டான். ஏழு வருஷமாக மனப்பாடமாக இருந்த ஆகுர்டி வீட்டு நம்பர். எடுத்தவர் தமிழில், "யாரு?" என்றார்.

"சார், ஒரு சின்ன விசாரணை. உங்க சம்சாரம் உங்களுக்கு என்ன சொந்தம்?"

"அக்கா பொண்ணு. ஏம்பா, முப்பது வருஷம் கழிச்சு எவன் கேக்கறான்?"

"ஒருத்தனும் கேக்கல சார். அதான் பிரச்சினை." போனை வைத்துவிட்டு, அந்தப் பதிலை மராத்தியில் தாம்லேக்குச் சொன்னான்.

"நான் என்ன செய்யட்டும், சொல்," என்றார் தாம்லே.

"மறுபடி சேர்த்துக்கறதைப் பத்தி அப்புறம் பேசலாம் சார். இப்ப இன்னொரு போன். எங்க அத்தாவுக்கு. ஏழு வருஷமா பள்ளிவாசல்ல கேக்கறவங்ககிட்ட எல்லாம் பையன் லீவுல இருக்கான்னு சொல்லிக்கிட்டிருக்கார். நீங்களே சொல்லிடுங்க." நம்பரை அழுத்தி ரிசீவரை அவர் கையில் கொடுத்தான். "ஒரு விஷயம் சார். அவருக்குக் காது சுத்தமா கேக்காது. நல்லா சத்தமா சொல்லணும்."

தாம்லே இந்தியில் ஆரம்பித்தார். "உங்கள் மகன் மோசடி செய்யவில்லை."

"இன்னும் சத்தமா சார்."

"உங்கள் மகன் மோசடி செய்யவில்லை! தப்பு என்னுடையது!"

தாழ்வாரத்தில் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. மாணவர்கள், குமாஸ்தாக்கள், டீக் கெட்டிலோடு ஒரு பியூன், எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். ஏழு வருஷத்துக்கு முன்னால் இதே தாழ்வாரத்தில்தான் இர்பான் பையைத் தூக்கிக்கொண்டு தலைகுனிந்து நடந்திருப்பான் என்று கோதை நினைத்தாள். தாம்லே எழுந்து நின்று, கழுத்து நரம்பு புடைக்க, மூன்றாவது தடவையாகக் கத்தினார். இர்பான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான். அவன் தோள் குலுங்கியது.

கோதை அவனைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவனுடைய அத்தா வீட்டில் எத்தனை ஈத்துக்குப் பிரியாணி சாப்பிட்டிருக்கிறாள் அவள்! தெருக்கோடியில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டதுமே, 'இர்பான் வந்துட்டான், தட்டைப் போடு' என்று உள்ளேயிருந்து குரல் கொடுக்கிற மனுஷன் அவர்.

ரிசீவரிலிருந்து அந்தக் குரல் இப்போது கணீரென்று வந்தது.

"சரியா காதுல விழல சாப். இன்னொரு தபா சொல்லுங்க."